வழிவழியாக வரும் மாரடைப்பு: எந்தப் பரிசோதனைக்கு முதலில் காசு கொடுப்பது?

மூத்தாருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, மாரடைப்பு வந்தபோது வயது 44. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை கார் கழுவிக்கொண்டிருந்தவர், வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தாடை வலிக்கிறது என்றார். பல்வலி என்று நினைத்துக் கிராம்பு எண்ணெய் தேடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார்.

என் மாமனார் பிழைக்கவில்லை. 1991-ல், ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 47. அவருடைய அண்ணன் 51-ல் போனார். "எங்க வீட்டு ஆம்பளைங்க ஆயுசு அவ்வளவுதான்" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வந்த 22 வருஷமாக நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். மூத்தார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் அந்தப் பேச்சை இப்படியே விடக்கூடாது என்று தோன்றியது.

அந்த வாரம் மாமியார் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு யோசனை. நாத்தனார் இணையத்தில் தள்ளுபடியில் கிடைக்கும் எச்சில் பரிசோதனைப் பெட்டியைக் காட்டினார். குழாயில் துப்பி அனுப்பினால் போதும், இதயநோய் அபாயத்தை மதிப்பெண்ணாகப் போட்டு அனுப்புவார்களாம். என் கணவர் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். மூத்தாரின் மருத்துவர் மரபணுப் பரிசோதனை என்ற பேச்சை எடுத்திருந்தார். மாமியாருக்கு எதுவுமே வேண்டாம், எண்ணெயைக் குறைத்தால் போதும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் செய்ய எங்களிடம் பணம் இல்லை. ஆகவே எது முதலில், யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக ஆறு மாதம் படித்ததும், கேட்டதும், செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பவை. நான் மருத்துவர் இல்லை, சனிக்கிழமை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவும்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுத்தாலும் வீண். "மரபணு" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் இதய ரத்தக்குழாய் அடைப்பு இரண்டு விதமாகப் பரம்பரையில் வருகிறது. ஒன்று, ஒரே மரபணுவில் ஒரு பெரிய கோளாறு. கல்லீரல் செல்களின் மேல், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. அந்தக் கொக்கியைச் செய்யும் மரபணு தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என நம்மிடம் இரண்டு இருக்கும். அதில் ஒன்று பழுதாகப் பிறந்தால் கொக்கிகள் பாதிதான். எல்டிஎல் பிறந்த அன்றிலிருந்தே மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு. கடனுக்கு வட்டி ஏறுவதுபோல வருஷா வருஷம் குழாய்ச் சுவரில் சேர்ந்துகொண்டே போகும். பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்பது இதுதான். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இன்னொன்று, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் திரிபுகள். தனித்தனியாக எதுவும் பெரிய கேடு செய்யாது. 2007-ல் ஒன்பதாவது குரோமோசோமில் கண்டுபிடித்த திரிபுதான் இவற்றில் பேர்போனது. கோடிக்கணக்கான பேரிடம் அது இருக்கிறது. அதன் ஒரு பிரதி அபாயத்தைக் கிட்டத்தட்ட கால் பங்கு கூட்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவை நிறையச் சேர்ந்து ஒருவரிடம் குவிந்தால் அபாயம் உயரும். எச்சில் பெட்டி தரும் மதிப்பெண் இந்தக் குவியலைத்தான் எண்ணுகிறது.

மாமனார் 47, அவர் அண்ணன் 51, மகன் 44 என்று வரிசையாகப் போகும் வீட்டில் முதல் வகைக்குத்தான் சந்தேகம் அதிகம். அதைத் தேடுவதற்கு எச்சில் வேண்டாம். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு தாளும் போதும்.

தாள் என்று சொன்னது குடும்ப மரத்துக்கு. கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பக்கத்தில் வயது, என்ன நோய், எத்தனை வயதில். ஆண் 55-க்கு முன்பு, பெண் 60-க்கு முன்பு இதயநோய் என்றால் சிவப்பு மசி. மாமியார் பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. யார் எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார், யார் மகளை எங்கே கொடுத்தார்கள் என்று நாலு தலைமுறை வந்தது. எங்கள் வீட்டு முன்னோர் ஒப்பந்தக் கூலியாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அப்படி ஏறியவர்களின் பெயரும் ஊரும் கப்பல் பட்டியல்களில் இருக்கின்றன, அவர்கள் எதனால் செத்தார்கள் என்பது மட்டும் மாமியார் போன்றவர்கள் வாயில்தான் இருக்கிறது. அதை அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். இதற்குச் செலவு ஒரு ராண்டுகூட இல்லை.

அப்போதுதான் மாமனார் படத்தைக் கழற்றிக் கிட்டத்தில் பார்த்தேன். விளக்குக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருக்கும் படம். இரண்டு கண்ணிலும் மூக்கை ஒட்டிய இமையோரத்தில் மஞ்சளாக ஒரு தடிப்பு. 22 வருஷமாக அதைப் படத்தில் ஏறிய பழுப்பு என்றே நினைத்திருந்தேன். "இல்லம்மா, அவருக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றார் மாமியார். அந்த மஞ்சள் தடிப்பு கொழுப்புப் படிவம். கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறவர்களுக்கும் அது வருவதுண்டு, ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநாண் தடித்திருந்தால் விஷயம் வேறு. மூத்தாருக்கு அது விரல் தடிமனுக்கு முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. சின்ன வயதில் பந்தாடும்போது பட்ட அடி என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் காட்டும் விரல்நுனிச் சோதனை போதாது. எல்டிஎல், எச்டிஎல், டிரைகிளிசரைடு எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். மூத்தாருக்கு 36 வயதில் ஒரு மருந்துக் கடையில் விரலைக் குத்திப் பார்த்து மொத்தம் 8.9 என்று சொல்லியிருக்கிறார்கள். முட்டையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு மருத்துவர் எல்டிஎல் 6.8 என்ற தாளைப் பார்த்துவிட்டு, இந்தியர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் என்றாராம். அந்தத் தாளை மடித்துப் பைபிள் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார், மாத்திரை மட்டும் யாரும் எழுதித் தரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எட்டு வருஷம் போயிற்று.

இங்கே அளவு மில்லிமோலில் வரும். தமிழ்நாட்டில் படிப்பவர்கள் 38.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 6.8 என்றால் 263. பெரியவர்களுக்கு மருந்தில்லாமல் எல்டிஎல் 4.9-க்கு மேல், அதாவது 190-க்கு மேல் இருந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ராலா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் எல்டிஎல்லை ஏற்றும், அவற்றை முதலில் கழித்துவிட வேண்டும்.

பிறகு மருத்துவர்கள் டச்சு மதிப்பெண் முறை என்று ஒன்றைப் போடுகிறார்கள். மூத்தாருக்கு எல்டிஎல் 6.5-க்கும் 8.4-க்கும் இடையில் இருப்பதால் 5. இளவயது மாரடைப்புக்கு 2. தகப்பனாருக்கும் இளவயதில் வந்ததற்கு 1. தசைநாண் தடிப்புக்கு 6. மொத்தம் 14. எட்டுக்கு மேல் போனாலே உறுதி. அவருக்கு மரபணுப் பரிசோதனை இல்லாமலேயே நோய் தெரிந்துவிட்டது. நாத்தனாருக்கு வயது 39, எல்டிஎல் 6.1. அதற்கு 3, அண்ணனின் தசைநாணுக்காக 2, ஆக 5. மூன்றிலிருந்து ஐந்து வரை "இருக்கலாம்" என்ற வரிசை. என் கணவருக்கு 43 வயதில் எல்டிஎல் 3.4. இதே வீட்டில் பிறந்து இதே மட்டன் கறி தின்றவர்.

ஆகவே என் வரிசையில் முதல் இடம் இதற்குத்தான்: குடும்ப மரம், முழு கொலஸ்ட்ரால் பரிசோதனை, குதிகாலைத் தடவிப் பார்க்கும் மருத்துவர். ஆகும் செலவோடு பார்த்தால் வேறு எதுவும் இதன் பக்கத்தில் வராது. அரசுக் கிளினிக்கிலேயே தொடங்கலாம், ஆர். கே. கான் மாதிரி ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து அனுப்புவார்கள்.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை எதற்கு? மூத்தாருக்காக அல்ல, அவரைச் சுற்றியுள்ளவர்களுக்காக. இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. உறுதியாக நோய் உள்ள ஒருவரிடம் திரிபு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் உறவினர்களுக்கு முழு மரபணுவையும் படிக்க வேண்டாம், அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவு வெகுவாகக் குறையும், பதிலும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். நாத்தனாரின் "இருக்கலாம்" அப்படித்தான் தீர்ந்தது. நெதர்லாந்தில் 1994 முதல் இந்த முறையிலேயே நாடு முழுக்க வீடுவீடாகத் தேடினார்கள்.

பிள்ளைகளுக்கு இதன் அருமை இன்னும் அதிகம். அந்த நாட்டிலேயே சின்ன வயதில், எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய பரம்பரைக் கொலஸ்ட்ரால் பிள்ளைகள் 214 பேரை 20 வருஷம் தொடர்ந்து பார்த்து, 2019-ல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் 39 வயதுக்குள் இதயநோய் வந்தவர்கள் 1 சதவீதம். அதே நோயோடு மாத்திரை கிடைக்காத காலத்தில் வளர்ந்த அவர்களுடைய பெற்றோரில், அதே வயதுக்குள், 26 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ஆயுசு அவ்வளவுதான் என்ற பேச்சு அன்றோடு நின்றது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பதால் இந்தப் பரிசோதனையில் ஒரு விஷயத்தை நாம் கவனித்தே ஆக வேண்டும். இந்த நாடு பரம்பரைக் கொலஸ்ட்ராலுக்குப் பேர்போனது. ஆப்பிரிக்கானர் வெள்ளையர்களில் 70, 80 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. குடியேறிய சில குடும்பங்களிலிருந்தே பெருகிய சமூகம் என்பதால் மூன்றே திரிபுகள் அவர்களுடைய நோயில் பெரும்பங்கைத் தாங்கி நிற்கின்றன. கேப்டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இதற்கான நிபுணர்கள் பல பத்தாண்டாக இருக்கிறார்கள். எல்டிஎல்லைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளின் உலக ஆய்வுகளை ஜோகன்னஸ்பர்க்கின் ஃபிரெடரிக் ரால் முன்னின்று நடத்தியிருக்கிறார். நமக்கு இது நல்லதுதான். ஆனால் அந்த மூன்று திரிபுகளை மட்டும் தேடும் பரிசோதனை நமக்கு உதவாது. இங்குள்ள குஜராத் வழி இந்தியர்களிடம் தனியாக ஒரு திரிபு 1990-களிலேயே கண்டறியப்பட்டது, அதையும் தமிழ்க் குடும்பத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆகவே காசு கட்டுவதற்கு முன்பு ஒரே கேள்வி கேளுங்கள்: எல்டிஎல் கொக்கி மரபணு முழுவதையும் படிக்கிறீர்களா, அதோடு இதே நோயைத் தரக்கூடிய அபோபி, பிசிஎஸ்கே9 என்ற மரபணுக்கள் இரண்டையும் பார்க்கிறீர்களா? ஆம் என்றால்தான் கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. நோய் உறுதியாகத் தெரிந்தவர்களிலேயே எல்லோருக்கும் திரிபு அகப்படுவதில்லை. அகப்படவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, எல்டிஎல் அளவை வைத்தே சிகிச்சை தொடரும். இன்னொரு சங்கடம், "பொருள் தெரியாத திரிபு" என்று அறிக்கை வருவது. உலக மரபணுத் தொகுப்புகளில் நம்மவர்கள் குறைவு, அதனால் நமக்கு இப்படி வர வாய்ப்புக் கூடுதல். அப்படி வந்தால் அதை வைத்துப் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கக் கூடாது.

ஆயுள் காப்பீடு எடுக்கப்போகிறவர்கள் விண்ணப்பத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது. தெரிந்ததை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் பின்னால் குடும்பத்துக்குத்தான் இடி.

மாமியார் பயந்தது வேறு ஒன்றுக்கு. மூத்தாருக்கு 17 வயதில் மகள் இருக்கிறாள். "வெளியே சொல்லிடாதே, நாளைக்கு வரன் வரணும்." இந்தப் பயத்தை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சுக்கும் இதற்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. அதை மறைக்காமல் பேச வேண்டும். நம்மில் அத்தை மகன், மாமன் மகள் கட்டுவது உண்டு. ஊர்ப்பக்கம் அக்காள் மகளையே கட்டுகிறார்கள். ஒரே திரிபு இரண்டு பக்கமும் இருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்க வாய்ப்பு. அந்தக் குழந்தைகளுக்கு எல்டிஎல் பெரும்பாலும் 13-க்கும் மேல் போகும், பள்ளி வயதிலேயே இதயக் குழாய் அடைக்கும். சொந்தத்தில் கல்யாணம் பேசும் வீட்டில் இந்த நோய் இருந்தால், ஜாதகத்தோடு கொலஸ்ட்ரால் தாளையும் பார்க்கச் சொல்வேன். அது ஒரு பெண்ணைக் குறை சொல்வது ஆகாது.

இன்னொரு ரத்தப் பரிசோதனை எல்பி-ஏ. இதை எங்கள் மேசையில் யாரும் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் கணவரின் கதையே இதனால் மாறியது. எல்பி-ஏ என்பது எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டது. 1963-ல் நார்வேயில் கோரே பெர்க் கண்டுபிடித்தார். ஒருவருக்கு இது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது, சாப்பாடு, நடை எதுவும் அசைக்காது. ஐந்தில் ஒருவருக்கு அபாய அளவில் இருக்கிறது. ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களுக்குக் கூடுதல், ஆப்பிரிக்கர்களுக்கு அதைவிடவும் கூடுதல். வழக்கமான கொலஸ்ட்ரால் தாளில் இது வராது, தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். விலை சாதாரணப் பரிசோதனையைவிட அதிகம்தான், ஆனால் வாழ்நாளில் ஒரு தடவை போதும். 2022-ல் ஐரோப்பிய வல்லுநர் குழு ஒவ்வொரு பெரியவரும் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னது.

எல்டிஎல் 3.4 என்று நிம்மதியாக இருந்த என் கணவருக்கு எல்பி-ஏ 190 நானோமோல் வந்தது. 125-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். எல்டிஎல் கொக்கியின் மரபணு 19-வது குரோமோசோமில், எல்பி-ஏ மரபணு 6-வதில். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வருபவை. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. நல்ல எல்டிஎல் தாளைப் பார்த்துத் தப்பித்தோம் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று அன்று தெரிந்தது. எல்பி-ஏவைக் குறைக்கும் மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. அதுவரை செய்யக்கூடியது மற்ற அபாயங்களை இறுக்கிப் பிடிப்பது: எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. ஆகவே இளவயது மாரடைப்பு உள்ள தமிழ்க் குடும்பத்தில் இரண்டாவது காசை இதற்குக் கொடுங்கள். மரபணுப் பரிசோதனைக்கும் முன்பாகவே.

கால்சியம் ஸ்கேன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிடி ஸ்கேனில் இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பை எண்ணிச் சொல்கிறார்கள். மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று நடுவில் நிற்பவர்களுக்கு, அதுவும் 40 தாண்டியவர்களுக்கு, உதவும். மூத்தாருக்கு வீண், அவருக்கு மாத்திரை எப்படியும் உண்டு. நாத்தனாருக்கும் அப்படியே. இளவயதினருக்குப் படிவு இன்னும் மெத்தென்று, சுண்ணாம்பு ஏறாமல் இருக்கும், சைபர் என்று வந்து ஏமாற்றிவிடும். எங்கள் வீட்டில் என் கணவர் ஒருவருக்குத்தான் பொருந்தியது. அவர் வயதுக்கு இருக்கக்கூடாத அளவு சுண்ணாம்பு தெரிந்தது, மாத்திரை தொடங்கினார்.

கடைசியாக எச்சில் பெட்டி. நாத்தனார் மனம் நோகாமல் இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். பல திரிபுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண் போலி அறிவியல் அல்ல. 2018-ல் வந்த ஆய்வில் 66 லட்சம் திரிபுகளை எண்ணி, மக்களில் 8 சதவீதம் பேருக்கு அபாயம் மூன்று மடங்கு என்று பிரித்துக் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் இப்படிப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவர்களின் ரத்தத்தை வைத்துப் போட்டவை. 2019 கணக்குப்படி மரபணு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் அவர்கள்தான். நமக்குப் போடும்போது துல்லியம் குறைகிறது. அதைவிட முக்கியம், நம் வீட்டுச் சந்தேகம் ஒற்றைப் பெரிய திரிபு. எல்டிஎல் கொக்கி மரபணுவில் 2,000-க்கும் மேல் திரிபுகள் தெரிந்திருக்கின்றன. பேர்போன டுவென்டி-த்ரீ அண்ட் மீ பெட்டி பரம்பரைக் கொலஸ்ட்ராலுக்கு 24 திரிபுகளைத்தான் பார்த்தது. அதில் இல்லை என்று வந்ததும் நாத்தனார் நிம்மதியாக இருந்திருப்பார், 6.1 அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த நிறுவனத்திலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. குடும்பத்தின் மரபணுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற முடியாது. ஒருவர் துப்பினால் அண்ணன், தம்பி, தன் பிள்ளைகள் இவர்களின் பாதி விவரமும் அதில் போகிறது. தத்துப் பிள்ளையாக வளர்ந்து குடும்ப வரலாறே தெரியாதவர்களுக்கு ஒருவேளை இதில் பயன் இருக்கும். அவர்களும் முதலில் எல்டிஎல், எல்பி-ஏ இரண்டையும் பார்த்துவிட்டு வரட்டும்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு செய்தி: இந்தியர்களில் 4 சதவீதம் பேருக்கு இதயநோய் மரபணு. செய்தி உண்மைதான், மதுரையிலும் ஹைதராபாத்திலும் இருந்த ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்டது. ஆனால் அது இதயத் தசை பலவீனமாகும் நோய்க்கானது. குழாய் அடைப்பு வேறு. அதைப் படித்துவிட்டு என் தம்பி தஞ்சாவூரிலிருந்து பதறிப்போய் போன் செய்தான், அதனால் சொல்கிறேன்.

மாமியார் சொன்ன எண்ணெய்க் கட்சிக்கு வருகிறேன். அவர் பாதி சரி. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, கொழுப்பு, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை என்று ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்பு அபாயத்தில் 90 சதவீதத்தை விளக்குகின்றன என்றது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. 2016-ல் 55,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மரபணு அபாயம் உயர்ந்தவர்களிடமும் நல்ல பழக்கம் அபாயத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கியது. ஆகவே புகையை விடுவதும், பன்னிச் சௌவை (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) மாதம் ஒரு தடவையாக்குவதும் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ளவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது. நாத்தனார் ஆறு வாரம் எண்ணெயே இல்லாமல், கூழும் கீரையுமாகச் சாப்பிட்டார். 6.1 என்பது 5.6 ஆனது. அதிக அளவு ஸ்டாட்டின் தொடங்கிய பிறகு 2.9. எல்டிஎல் ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பெரிய தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. இந்த நாட்டில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, சட்டப்படி கட்டாயமாகப் பணம் தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ரத்தக் கொழுப்பு உயர்வும் இருக்கிறது. மருத்துவர் பதிவு செய்தால் மாதாமாதம் மாத்திரைக்கான காசு சேமிப்புக் கணக்கிலிருந்து போகாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களே படித்துத் தெரிந்துகொண்டோம்.

நாங்கள் செய்தது கடைசியில் இதுதான். மூன்று உடன்பிறப்புகளுக்கும் முழு கொலஸ்ட்ரால், எல்பி-ஏ. மூத்தாருக்கு மட்டும் முழு மரபணுப் பரிசோதனை, மூன்று வீடும் பங்கு போட்டோம். எல்டிஎல் கொக்கி மரபணுவில் திரிபு கிடைத்தது. நாத்தனாருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. மூத்தாரின் மகளுக்கு இருக்கிறது, 11 வயது மகனுக்கு இல்லை. மகள் மாத்திரை தொடங்கிவிட்டாள். பின்னால் பிள்ளை பெற நினைக்கும்போது அதை நிறுத்த மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். தன் தாத்தாவின் படத்தை அவள் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறாள்.

நாத்தனார் மகளுக்கு 8 வயது. பள்ளி விடுமுறையில் ரத்தம் எடுக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்குத் திரிபு உறுதியான வீட்டில் பிள்ளையின் எல்டிஎல் 3.5-க்கு மேல் போனாலே வலுத்த சந்தேகம். என் கணவருக்கு அந்தத் திரிபு இல்லாததால் என் பிள்ளைகளுக்கு அதைத் தேட வேண்டாம், எல்பி-ஏ மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

காலண்டர்த் தாளில் இன்னும் எழுதாத சதுரங்களும் வட்டங்களும் இருக்கின்றன. 51-ல் போன பெரியவரின் மக்கள் டோங்காட்டில் மூன்று பேர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவர். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. ஏதோ நிலத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூத்தார் டோங்காட்டுக்குப் போகிறார். திரிபின் பெயர் எழுதிய ஆய்வக அறிக்கையை நாலு நகல் எடுத்து வைத்திருக்கிறார். அந்த ஒரு வரி கையில் இருந்தால் அவர்களுக்கு முழுச் செலவு இல்லை, அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்.